வேலியில் 5242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு!

கணினியில் சரியாக 50 எம்பி அளவுள்ள ஒரு கோப்பு இருந்தால் அதை வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போய்ப் பாருங்கள். பைட் கணக்கில் 52,428,800 என்று காட்டும். அதன் பின்னால் மூன்று சைபர் சேர்த்தால் 52,428,800,000 ஆகிறது. நம் வழக்கில் சொன்னால் 5242 கோடியே 88 லட்சம்.

கணினி என்ற சொல்லே இல்லாத காலத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இதே எண் தமிழ்நாட்டில் ஒரு கோயில் சுவரில் ஏறிவிட்டது என்றால் நம்ப முடிகிறதா? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஒரு வேலி நிலத்தில் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரைக்கும் நிலக்கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. சோழர் வரலாற்று நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தி இது. "அந்தக் காலத்திலேயே எவ்வளவு நுட்பமாக அளந்திருக்கிறார்கள் பாருங்கள்!" என்று மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றி வருவதும் உண்டு.

ஆனால் வியந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த எண்ணை உடைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்? அது ஏன் 50,000,000,000 என்று முழுசாக இல்லாமல் இப்படி ஒரு விநோதமான எண்ணாக இருக்கிறது? நிஜமாகவே அவ்வளவு சிறிய நிலத்தை யாராவது அளந்தார்களா?

எண் எங்கே இருக்கிறது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். கல்லில் 52,428,800,000 என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சோழர்கள் பின்னங்களைப் பெயர் சொல்லி எழுதினார்கள். அந்தப் பெயர்களை இன்றைய எண்முறைக்கு மாற்றும்போது கீழே வரும் எண்தான் (பகுதி எண்) இது. தஞ்சைக் கோயிலைக் கட்டியவர் முதலாம் இராசராசன் என்பதைக் கல்வெட்டுகளைப் படித்து உறுதி செய்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ். 1886-இல் அரசுக் கல்வெட்டு ஆய்வாளராக நியமிக்கப்பட்டவர். அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளின் வழியாகத்தான் தஞ்சைக் கல்வெட்டுகளின் நிலக்கணக்கு வெளியுலகுக்குத் தெரிய வந்தது.

இராசராசன் ஆண்டது 985 முதல் 1014 வரை. சுமார் 1001-இல் நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. அதன் விளைவைப் பெரிய கோயில் சுவரில் பார்க்கலாம். கோயிலுக்கு வருவாய் தரும் ஒவ்வொரு ஊருக்கும் முதலில் மொத்த நிலம் எவ்வளவு என்று சொல்லப்படுகிறது. அதிலிருந்து ஊர்க் குடியிருப்பு, கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடு, கம்மாளர் வாழ்ந்த சேரி, பறையர் வாழ்ந்த சேரி என்று வரி இல்லாத இடங்கள் கழிக்கப்படுகின்றன. மிச்சம் உள்ள நிலத்துக்கு இத்தனை கலம் நெல், இவ்வளவு பொன் என்று முடிகிறது.

அதாவது இது ஒரு கழித்தல் கணக்கு. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

'கீழ்' என்ற ஒரு சொல்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த தாத்தாக்களுக்கு எண்சுவடி மனப்பாடம். முக்கால், அரை, கால், நாலுமா, மும்மா, அரைக்கால், இருமா, வீசம், ஒருமா, அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி என்று இறங்கு வரிசையில் ஒப்பிப்பார்கள். இன்றைய கணக்கில் அவற்றின் மதிப்பு இது:

நாலுமா – 5-இல் 1
மும்மா – 20-இல் 3
அரைக்கால் – 8-இல் 1
இருமா – 10-இல் 1
வீசம் (மாகாணி) – 16-இல் 1
ஒருமா – 20-இல் 1
அரைமா – 40-இல் 1
காணி – 80-இல் 1
அரைக்காணி – 160-இல் 1
முந்திரி – 320-இல் 1

இந்த வரிசையின் அடிமட்டம் முந்திரி. 320 எப்படி வந்தது? 16-ஐ 20-ஆல் பெருக்கினால் 320. வீசத்தையும் மாவையும் சேர்த்துப் பிணைத்த எண் அது. மேலே சொன்ன எந்தப் பின்னத்தை எடுத்தாலும் அதை மீதமில்லாமல் முந்திரியாக மாற்றலாம். முக்கால் என்றால் 240 முந்திரி, நாலுமா என்றால் 64 முந்திரி, காணி என்றால் 4 முந்திரி.

முந்திரிக்கும் சின்னதாக வேண்டுமென்றால்? புதுப் பெயர் எதுவும் தேவையில்லை. 'கீழ்' என்று முன்னால் சேர்த்துவிட்டு அதே வரிசையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு முந்திரியை ஒன்று என்று வைத்துக் கொண்டால் அதில் பாதி கீழரை. முந்திரியில் 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒன்று. அதுவும் போதாதென்றால் இன்னொரு 'கீழ்' சேர்த்துக் கொள்ளலாம். மாடி வீட்டில் படி இறங்குவது போல ஒவ்வொரு கீழுக்கும் 320 மடங்கு சிறியதாகிக் கொண்டே போகும்.

பாபிலோனியர்கள் 60-ஐ அடியாக வைத்துப் பின்னம் எழுதினார்கள் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். நம் ஊரில் 320-ஐ அடியாக வைத்து அதையே செய்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பெயரும் 'கீழ்' என்ற ஒரே ஒரு முன்னொட்டும் இருந்தால் எவ்வளவு சிறிய எண்ணையும் சொல்லிவிடலாம்.

எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

இப்போது 52,428,800,000-ஐ உடைத்துப் பாருங்கள்.

320 × 320 = 1,02,400
மூன்றாம் முறை பெருக்கினால் 3,27,68,000
நான்காம் முறை பெருக்கினால் 1048,57,60,000
அதை 5-ஆல் பெருக்கினால் 5242,88,00,000

அவ்வளவுதான்! நான்கு மாடி கீழே இறங்கி, அங்கே ஒரு நாலுமாவை (5-இல் 1) எடுத்தால் இந்த எண் வந்துவிடுகிறது. விநோதமாகத் தெரிந்த எண், தமிழ்ப் பின்ன முறையில் ஒரு இயல்பான படிக்கட்டு.

இன்னும் ஒரு படி போய்ப் பகா எண்களாகப் பிரித்தால் 320 என்பது 2-ஐ ஆறு முறையும் 5-ஐ ஒரு முறையும் பெருக்கியது. ஆகவே நமது எண் 2²⁴ × 5⁵. இருபத்து நான்கு இரண்டுகள், ஐந்து ஐந்துகள், வேறெதுவும் இல்லை. 50 எம்பி கோப்பில் இதே இலக்கங்கள் வந்ததன் ரகசியமும் இதுதான். கணினி 2-ஐப் பெருக்கிப் பெருக்கிப் போகிறது. நம் முன்னோர்கள் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போனார்கள். இரண்டும் ஒரே ஏணிதான், ஒன்று மேலே ஏறுகிறது, மற்றது கீழே இறங்குகிறது.

2-உம் 5-உம் மட்டுமே காரணிகள் என்பதால் இன்னொரு பண்பும் கிடைக்கிறது. 1-ஐ இந்த எண்ணால் வகுத்தால் தசமம் முடிவில்லாமல் ஓடாது. 0.000000000019073486328125 என்று சரியாக 24-ஆவது இடத்தில் நின்றுவிடும். கையில் வைத்திருக்கும் சாதாரண எட்டு இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண்ணை உள்ளே போடக்கூட முடியாது. சோழர் காலத்துக் கணக்கருக்கு அது நாலைந்து சொல்!

அரை சதுர மில்லிமீட்டர் நிலமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இந்தப் பங்கு தரையில் எவ்வளவு இடம்?

இராசராசன் காலத்து உலகளந்த கோல் 16 சாண் நீளம் என்பார்கள். ஒரு சாண் 9 அங்குலம் என்று வைத்துக் கொண்டால் கோல் 12 அடி. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் கொண்டது ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்ற தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்பாட்டின்படி ஒரு வேலி 2000 குழி, அதாவது 2,88,000 சதுர அடி. கிட்டத்தட்ட 6.6 ஏக்கர்.

அதை 52,428,800,000-ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் அரை சதுர மில்லிமீட்டர். பக்கத்துக்கு 0.7 மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுரம். அதில் ஒரு கடுகு கூட அடங்காது.

அதற்கு வரி எவ்வளவு வரும்? தஞ்சைக் கோயில் ஊர்களில் வேலிக்கு ஏறத்தாழ 100 கலம் நெல் என்பது கணக்கு. ஒரு கலத்துக்கு 96 நாழி, ஒரு நாழிக்கு 14,400 நெல் என்பது பழைய வாய்பாடு. பெருக்கி வகுத்துப் பார்த்தால் அந்தத் துண்டு நிலத்துக்கு வரி ஒரு நெல்மணியில் சுமார் 379-இல் ஒரு பங்கு. எந்த அரசாங்கமும் இதை வசூலிக்க முடியாது!

12 அடிக் கோலை வைத்துக்கொண்டு, சேறும் வரப்புமாக இருக்கும் வயலில், 0.7 மில்லிமீட்டரை யாரும் அளக்க முடியாது. இன்றைய சர்வே கருவியாலும் முடியாது. வரப்பு ஒரு மழைக்கு அதைவிட அதிகமாக நகர்ந்துவிடும். ஆகவே சோழர்களிடம் ஏதோ அதிசயக் கருவி இருந்தது என்று சொல்வது சரியில்லை.

பின் எப்படி வந்தது?

வயலில் வராத எண் ஓலையில் வரும். பெருக்கும்போது வரும்.

ஒரு சின்ன உதாரணம். ஒரு வயலின் நீளத்தைக் கோல் கணக்கில் முந்திரி வரைக்கும் எழுதுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். 12 அடியில் 320-இல் ஒரு பங்கு என்பது சுமார் 11 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் அகலத்துக்கும் குறைவு. கோலில் கோடு போட்டிருந்தால் இதைப் பார்த்துவிடலாம். அகலத்தையும் அப்படியே எழுதுகிறார்கள். இரண்டையும் பெருக்கினால்? குழியில் 1,02,400-இல் ஒரு பங்கு வரை பின்னம் வந்துவிடும். அதை வேலியாக்க 2000-ஆல் வகுத்தால் 20 கோடியே 48 லட்சத்தில் ஒரு பங்கு! அளந்தது விரல் அகலம், கணக்கில் வந்தது கோடியில் ஒன்று.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. நமது எண்ணை 2000 × 5120 × 5120 என்றும் எழுதலாம். 2000 என்பது வேலிக்குள்ள குழி. 5120 என்பது 320 × 16, அதாவது முந்திரியில் வீசம். நீளத்தையும் அகலத்தையும் இந்தக் கீழ்வீசம் வரை எழுதிப் பெருக்கினால் அச்சுப் பிசகாமல் இதே 52,428,800,000 வந்து நிற்கிறது. கல்வெட்டுக் கணக்கு இதே வழியில்தான் வந்தது என்பதற்கு இது சான்றாகாது. ஆனால் சாதாரணப் பெருக்கல் ஒன்றே இவ்வளவு பெரிய எண்ணைக் கொண்டுவரப் போதும் என்பதை இது காட்டுகிறது.

சரி, வந்த பின்னத்தை ஏன் தூக்கிப் போடவில்லை? இங்கேதான் அந்தக் கழித்தல் கணக்கு ஞாபகத்துக்கு வர வேண்டும். மொத்த நிலத்தில் வரியில்லாத இடத்தைக் கழித்தால் மிச்சம் நேராக வர வேண்டும். மூன்று எண்ணும் சுவரில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நிற்கின்றன. ஓரிடத்தில் பின்னத்தை விட்டுவிட்டால் இன்னோரிடத்தில் கூட்டல் உதைக்கும். இன்றைக்கு நாம் பைசாவை ரவுண்டாஃப் செய்துவிடுகிறோம். அவர்கள் செய்யவில்லை. உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. அளக்கும் கருவியின் நுட்பத்தை விட, கணக்கை நேராக முடித்தே தீருவது என்ற பிடிவாதம்தான் அந்த எண்ணில் தெரிகிறது.

கூடவே ஒரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. கடுகளவு நிலத்துக்கும் கணக்குச் சொன்ன அதே கல்வெட்டில்தான் சேரி ஊருக்கு வெளியே தனியாகக் காட்டப்பட்டு, சுடுகாட்டோடு ஒரே வரிசையில் வருகிறது. எண்கள் துல்லியமாக இருந்தன. அதனால் மனிதர்கள் சமமாக இருந்தார்கள் என்று ஆகிவிடாது.

மூன்றுக்கு இடமில்லை

இந்த எண்ணின் பலவீனமும் அதன் காரணிகளில்தான் இருக்கிறது. 2²⁴ × 5⁵ என்ற எண்ணுக்கு மொத்தம் 25 × 6 = 150 வகுத்திகள். கேட்க நிறைய போலத் தெரியும். ஆனால் 11 இலக்க எண்ணுக்கு இது மிகக் குறைவு. இதைவிடச் சிறிய 1543,78,22,400 என்ற எண்ணுக்கு 2520 வகுத்திகள் இருக்கின்றன. காரணம் அதில் 2, 3, 5, 7, 11, 13, 17 எல்லாமே காரணிகளாக இருக்கின்றன. இப்படி வகுத்திகள் மிகுந்த எண்களைப் பற்றித்தான் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1915-இல் லண்டனில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்.

நம் எண்ணில் 3 என்ற காரணியே கிடையாது. விளைவு? ஒரு வேலி நிலத்தை அண்ணன் தம்பி மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொருவர் பங்கையும் முந்திரிக் கணக்கில் முழுசாக எழுதவே முடியாது. முதலில் 106 முந்திரி வரும். மிச்சத்தைக் கீழே இறக்கினால் 213 கீழ்முந்திரி. அதற்கும் கீழே போனால் மறுபடி 106, மறுபடி 213... எத்தனை 'கீழ்' போட்டாலும் முடியாது. நாம் 0.3333 என்று எழுதிக் கொண்டே போவது மாதிரிதான்.

வேடிக்கை என்னவென்றால் அதே தமிழர்கள் நேரத்தை மட்டும் 60-ஆல் பிரித்தார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. 60-ஐ மூன்றால் தாராளமாக வகுக்கலாம். நேரத்துக்கு ஒரு எண், நிலத்துக்கு வேறொரு எண் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டு வாழ்ந்திருக்கிறார்கள்!

1086: கங்கைகொண்ட சோழபுரம்

இந்தக் கதை தஞ்சாவூரோடு முடிந்துவிடவில்லை. இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரன் தலைநகரைக் கொள்ளிடத்துக்கு வடக்கே மாற்றினான். அதுதான் இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம். சுமார் 250 ஆண்டுகள் சோழ நாட்டின் கணக்கெல்லாம் இந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்தது. சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலை என்றுதான் இன்றைக்கு அரியலூரைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு பேரரசின் நிலக்கணக்கு இருந்த மாவட்டம் என்று யாரும் சொல்வதில்லை.

1070-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கன் இங்கிருந்துதான் ஆண்டான். அவனுடைய பதினாறாம் ஆட்சியாண்டில், 1086-இல், மறுபடியும் நாடு அளக்கப்பட்டது. அதே 1086-இல் உலகத்தின் இன்னொரு மூலையில் வில்லியம் என்ற அரசன் இங்கிலாந்து முழுவதையும் கணக்கெடுக்கச் செய்தான். 'டூம்ஸ்டே புத்தகம்' என்று உலகப் புகழ் பெற்றது அது. எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை மீன்குளம் என்று அதில் இருக்கிறது. ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு அரசர்கள் ஒரே ஆண்டில் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், இங்கிலாந்தின் கணக்கு தோலில் எழுதப்பட்டுப் பத்திரமாக இருக்கிறது. குலோத்துங்கனின் அளவைப் புத்தகம் என்று நம்மிடம் எதுவும் இல்லை. அங்கங்கே கோயில் கல்வெட்டுகள் அந்த அளவையைக் குறிப்பிடுவதால்தான் அது நடந்தது என்பதே தெரிகிறது. ஓலை மக்கிப் போகும். கல் மட்டும்தான் நிற்கும்.

கல்லும் எப்போதும் நிற்பதில்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதில் பெரும்பாலும் இடிக்கப்பட்டு அந்தக் கருங்கற்கள் அணைக்கு எடுத்துச் செல்லப்பட்டன. அணைக்கரைப் பாலத்தைத் தாண்டிக் கும்பகோணம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்த மதிலில் ஏதாவது எழுதியிருந்தால் அதை இனி யாராலும் படிக்க முடியாது. நடுவில் இருந்த பெரிய கோயில் தப்பித்தது. 2004-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

தஞ்சாவூர்ச் சுவருக்கும் இதே கதி நேர்ந்திருந்தால் 52,428,800,000 என்ற எண் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. சோழர்கள் பின்னத்தை எவ்வளவு தூரம் கீழே கொண்டு போனார்கள் என்று நாம் ஊகித்துக் கொண்டுதான் இருந்திருப்போம்.

கடைசியாக...

முந்திரியும் காணியும் இன்று புழக்கத்தில் இல்லை. பத்தின் அடுக்கு அளவுகள் வந்ததும் எண்சுவடி மறைந்தது. ஆனால் 2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறியீடுகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. கல்லில் செதுக்கியதை இனி கணினியிலும் எழுதலாம். 2-ஐப் பெருக்கும் இயந்திரமும் 2-ஆல் வகுத்த மக்களும் ஒருவழியாகச் சந்தித்துக் கொண்டார்கள்!

அடுத்த முறை "சோழர்கள் அரை சதுர மில்லிமீட்டர் நிலத்தை அளந்தார்கள்" என்று யாராவது அனுப்பினால் சும்மா அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டாம். "அளக்கவில்லை, கணக்குப் போட்டார்கள். வந்த மிச்சத்தை மறைக்காமல் எழுதினார்கள்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அதுதான் உண்மை, பெருமையும் அதில்தான் அதிகம்.

கங்கைகொண்ட சோழபுரம் போனால் விமானத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து கீழே அடித்தளத்தில் ஓடும் எழுத்துகளையும் பாருங்கள். யாரோ ஒருவர் யாருக்கோ கணக்குச் சொல்லிக் கொண்டிருக்கிறார்.